கதவுக்குள்ள ஓடுற மோட்டார்

அக்டோபர் 6, திங்கள்

ரபீக் பாயோட ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஏதோ ஆயில் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. அவர் எழுத மாட்டார்னு என்கிட்ட தள்ளிவிட்டார். முக்கால் வருஷம் போனதுக்கப்புறம் என்னத்த எழுதப் போறீங்கன்னு சுகுணா கேட்டா. மழைக்காலம்தானே நம்ம பொழப்பு, மிச்சப் பக்கம் அதுக்குப் போதும்னேன்.

உண்மைதான். கார் வெச்சிருக்கிற ஜனங்களுக்கு வெயில் காலத்துல கண்ணாடி ஞாபகமே வராது. பாதியில நின்னுபோன கண்ணாடியோட சித்திரை, வைகாசி எல்லாம் ஓட்டிருவாங்க. முதல் தூறல் விழுந்து சீட்டு நனைஞ்சாத்தான் அம்பலவாணன் கடை எங்கன்னு தேடி வருவாங்க.

இந்தப் பால்பண்ணை ரோட்டுல பவர் விண்டோ பார்க்கிற கடை இன்னும் ரெண்டு இருக்கு. வண்டி வந்து நின்ன உடனே கதவோட உள்பக்கத்தை மூடியிருக்கிற பேடைக் கழட்டிப் போட்டுட்டு, கரண்ட் பார்க்கிற மீட்டரை நீட்டுவாங்க. நான் கழட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிருவேன். ஒருத்தரை ஸ்விட்சை அமுத்தச் சொல்லிட்டுக் கதவுல காதை வெப்பேன். உள்ள மோட்டார் ஓடுற சத்தம் கேட்டு, கண்ணாடி மட்டும் அசையலன்னா அதை இழுக்கிற கேபிள் அறுந்துருக்கு. அதை மட்டும் மாத்தினாப் போதும். ஃப்யூஸ், ஸ்விட்ச் சரியா இருந்தும் சத்தமே வரலன்னா மோட்டார் செத்துருச்சு, முழு செட்டையும் மாத்தணும். பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. ஆனா நான் சொன்னா தப்பாது, அந்தப் பேருலதான் கடை ஓடுது. அந்தப் பேரு போச்சுன்னா ஷட்டரை இழுத்து விட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இன்னிலேர்ந்து சுகுணாவும் கடைக்கு வர்றா. பொண்ணு நிவேதா கல்யாணமாகி ஓசூர் போனதுலேர்ந்து வீட்டுல பொழுது போகலையாம். வந்து என்ன செய்வேன்னு கேட்டேன். ஸ்விட்ச் அமுத்துறேன்னா. சரி, அமுத்தட்டும்.

அக்டோபர் 9, வியாழன்

ஆரோக்கியசாமின்னு ஒரு டாக்சி டிரைவர் வந்தார். பின்னாடி இடது கண்ணாடி ஏறல. சுகுணா ஸ்விட்சை அமுத்தினா, நான் காதை வெச்சேன். ஒரு சத்தமும் இல்ல. மோட்டார் போச்சுன்னு சொல்லி ரபீக் பாய்கிட்ட புது செட்டு வாங்கி மாட்டினேன். கண்ணாடி ஜம்முனு ஏறுச்சு. பழசை அவர் ஞாபகமா வாங்கிட்டுப் போனார்.

சுகுணா ஏதோ சொல்ல வந்தா, அப்புறம் சொல்லல. இப்பல்லாம் அவ பேச்சே முணுமுணுப்பாப் போச்சு. வயசானா தொண்டை போயிரும் போல.

அக்டோபர் 13, திங்கள்

காலையில சண்டை. குளிக்கப் போறேன், மூணு விசில் வந்ததும் குக்கரை நிறுத்துங்கன்னு சொல்லிட்டுப் போனா. நான் அடுப்புக்கு எதிர்லயேதான் பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். விசில் வந்தாத்தானே நிறுத்த? பருப்பு தீஞ்சு வீடெல்லாம் புகை. குக்கர்ல கேஸ்கெட் போச்சு, அதான் விசில் அடிக்கலன்னு சொன்னேன். அவ என்னையே கொஞ்ச நேரம் பார்த்தா. திட்டுவான்னு நெனச்சேன், திட்டல.

சாயங்காலம் புது கேஸ்கெட் வாங்கிப் போட்டேன். வாசல் காலிங் பெல்லும் ரொம்ப நாளா அடிக்க மாட்டேங்குது, அதையும் மாத்திட்டேன். இப்பவும் சரியில்ல. இந்தக் காலத்துல எந்தப் பொருளும் உருப்படியா வர்றதில்ல.

அக்டோபர் 16, வியாழன்

ஆரோக்கியசாமி திரும்பி வந்தார், கோபமா. பழைய செட்டை வேற கடையில பேட்டரி கொடுத்துப் பார்த்திருக்கார், மோட்டார் நல்லா ஓடுதாம். கேபிள்தான் அறுந்துருக்காம். வேணும்னே ஏமாத்திட்டீங்கன்னு ரோட்டுல நின்னு பேசினார். எனக்கு வந்ததே கோபம். நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்போ நீ ஸ்டியரிங்கே பிடிச்சிருக்க மாட்டேன்னு நானும் கத்தினேன். சுகுணாதான் நடுவுல வந்து அவரை உக்கார வெச்சு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினா. என்ன பேசினாளோ தெரியல. போகும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில கோபம் இல்ல. அது எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

விஷயம் என்னன்னா, இப்ப வர்ற மோட்டாரெல்லாம் சத்தமில்லாம செய்யறாங்க. பழைய வண்டின்னா மாவு மெஷின் மாதிரி இரையும். இதை ரபீக் பாய்கிட்டயும் சொன்னேன். ஆமா அண்ணே, எல்லாம் சைலன்ட்டா வருதுன்னார். அவரும் என் முகத்தைப் பார்க்காமத்தான் சொன்னார்.

அக்டோபர் 20, தீபாவளி

நிவேதாவும் மாப்பிள்ளையும் வந்தாங்க. வீடே நெறஞ்சிருந்துச்சு. சுகுணா அதிரசம் செஞ்சிருந்தா, இந்தத் தடவை பதம் சரியா வந்துருச்சு.

தெருவுல வெடிச் சத்தம் ரொம்பக் கம்மி. ஜனங்க திருந்திட்டாங்கன்னு மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். அவர் ஆமா மாமான்னு தலையை ஆட்டினார். நல்ல மனுஷன், எதுக்கும் எதிர்த்துப் பேச மாட்டார். அம்மாவும் பொண்ணும் சமையக்கட்டுல ரொம்ப நேரம் குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. நான் போனதும் நிறுத்திட்டாங்க. கிளம்பும்போது நிவேதா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஓசூர்ல நல்ல காது டாக்டர் இருக்காருப்பா, சும்மா ஒரு தடவை வாயேன்னா. எனக்கு எதுக்குடி காது டாக்டர்னு சிரிச்சேன். அவ சிரிக்கல.

அக்டோபர் 24, வெள்ளி

விடிஞ்சதுலேர்ந்து மழை. கடை வாசல்ல வரிசையா வண்டி.

என் கடையில ஒரு விதி உண்டு. கதவுக்குள்ள ஒருத்தர் கை இருக்கும்போது, ஸ்விட்ச் பக்கம் இருக்கிறவர் "ஏத்தவா?"ன்னு கேக்கணும். உள்ள கை விட்டவர் "ஏத்து"ன்னு வாயைத் திறந்து சொன்னாத்தான் அமுத்தணும். பதில் வராம ஸ்விட்சைத் தொடக் கூடாது. உள்ள இருக்கிறது தகரமும் பல்சக்கரமும், அதுக்கு விரல்னும் தெரியாது கேபிள்னும் தெரியாது. சுகுணாவுக்கு முதல் நாளே இதைப் பாடம் பண்ணி வெச்சேன்.

ஆனா இந்த வாரமா அவ ஒழுங்கா கேக்குறதில்ல. நான் கதவுக்குள்ள கையை விட்டுட்டு நிக்கிறேன், அவ சீட்டை விட்டு இறங்கிவந்து என் முதுகுல ரெண்டு தட்டு தட்டுறா. அப்புறம் போய் உக்காந்து அமுத்துறா. உக்காந்த இடத்துலேர்ந்தே கேட்டா என்ன, வாய்ல முத்தா கொட்டிரும்னு கேட்டேன். மழையில உங்களுக்குக் கேக்காதுன்னா. எனக்கா கேக்காது? நல்ல கதை.

இன்னொண்ணு. நான் காதை வெக்கும்போது அவளும் கதவுல உள்ளங்கையை வெச்சுக்கிறா. நான் மோட்டார் போச்சுன்னு சொன்னா, எதுக்கும் பேடைக் கழட்டிப் பார்த்துட்டு சொல்லலாமேங்கிறா. இன்னிக்கு ரெண்டு வண்டி அப்படிக் கழட்டினோம். ரெண்டுலயும் மோட்டார் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. குருட்டு யோகம்தான், ஆனா சுகுணா முகத்துல ஒரு சந்தோஷமும் இல்ல.

அக்டோபர் 28, செவ்வாய்

சாப்பிட்டுட்டு சீக்கிரமா கடைக்குத் திரும்பினேன். சுகுணா தரையில உக்காந்து, நான் செத்துருச்சுன்னு கழட்டிப் போட்ட பழைய மோட்டாரையெல்லாம் முன்னாடி பரப்பி வெச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா பேட்டரி வயரைத் தொட்டுப் பார்த்துக்கிட்டிருந்தா. ஒரு மோட்டார் அவ கையில சுத்திக்கிட்டிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் வயரை எடுத்துட்டா.

என்ன விளையாட்டு இதுன்னு கேட்டேன். பொழுது போகலன்னா. அவ கண்ணு சிவந்திருந்துச்சு. சோல்டரிங் புகை பட்டிருக்கும்.

எல்லாத்தையும் வாளியில போட்டு மூடி வெச்சுட்டா. எத்தனை ஓடுச்சுன்னு நான் கேக்கல.

அக்டோபர் 31, வெள்ளி

இன்னிக்கு எழுத ஒண்ணும் இல்ல.

நவம்பர் 2, ஞாயிறு

எழுதிடறேன். எழுதலன்னா சோறு இறங்க மாட்டேங்குது.

வெள்ளிக்கிழமை ஒரு கேட்டரிங்காரரோட வண்டி. பின்கதவுல பிடிச்சு நிறுத்துற கிளாம்ப் கழண்டு கண்ணாடி உள்ள விழுந்திருந்துச்சு. அந்தக் கதவுல ஓட்டை சின்னது, என் கை போகல. சுகுணா கை மெலிசு. நான் பிடிக்கிறேன், நீங்க போய் ஸ்விட்சைப் பாருங்கன்னா. நான் டிரைவர் சீட்டுல உக்காந்து, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஏத்தவான்னு கேட்டேன்.

முதல் ரெண்டு தடவை அவ பதில் சொன்னா, தலைக்கு மேல இருக்கிற ரியர்வியூ கண்ணாடியில அவ வாய் அசையறது தெரிஞ்சுச்சு. மூணாவது தடவை அவ குனிஞ்சிருந்தா, முகம் தெரியல. ஏத்தவான்னேன். ஒண்ணும் கேக்கல.

இதைத்தான் எழுதணும். எனக்கு ஒண்ணும் கேக்கல. பதில் வரலன்னா தொடக் கூடாதுன்னு விதி போட்டவனே நான்தான். ஆனா பல மாசமா எனக்கு எந்தப் பதிலும் ஒழுங்கா கேக்குறதில்ல. இன்னொரு தடவை கேட்டா, ஏன் கேக்கலையான்னு எதிர்ல இருக்கிறவங்க பார்ப்பாங்களே, அந்தப் பார்வைக்குப் பயந்து, சொல்லிருப்பாங்கன்னு நானே வெச்சுக்குவேன். கஸ்டமர்கிட்டயும் அப்படித்தான், போன்லயும் அப்படித்தான். சும்மா தலையை ஆட்டிட்டா பொழுது ஓடிரும். அன்னிக்கும் அவ ஏத்துன்னு சொல்லிருப்பான்னு வெச்சுக்கிட்டு அமுத்திட்டேன்.

கண்ணாடி கொஞ்சம் ஏறி நின்னுச்சு. ரப்பர் இறுக்கமா இருக்குன்னு நெனச்சு இன்னும் அமுத்தினேன். அந்தக் கேட்டரிங்காரர் ஓடிவந்து என் கையைப் பிடிச்சு ஸ்விட்ச்லேர்ந்து இழுத்தார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் பின்னாடி திரும்பினேன். சுகுணா வாயைத் திறந்து அலறிக்கிட்டிருந்தா. எதிர்ல பஞ்சர் கடைக்காரன் வரைக்கும் ஓடி வந்துக்கிட்டிருந்தான். அந்த மொத்த ரோட்டுலயும் அவ அலறல் கேக்காதவன் நான் ஒருத்தன்தான்.

வலது கையில ரெண்டு விரல். நடுவிரல்ல எலும்பு விட்டிருக்கு, தையலும் போட்டாங்க. எப்படி ஆச்சுன்னு டாக்டர் கேட்டதுக்கு, தானே தெரியாம ஸ்விட்சை அமுத்திட்டதா சொல்லிட்டா. நிவேதாகிட்டயும் அதையேதான் சொல்லியிருக்கா. வலது கை கதவுக்குள்ள இருக்கும்போது முன்சீட்டு ஸ்விட்சை எப்படிம்மா அமுத்த முடியும்னு அந்தப் பொண்ணு கேக்காமலா இருந்திருக்கும்.

நவம்பர் 5, புதன்

காது டாக்டர்கிட்ட நானே போனேன். சுகுணாவும் கட்டுப்போட்ட கையோட கூட வந்தா.

ஒரு சின்ன அறைக்குள்ள உக்கார வெச்சு, காதுல ஹெட்போனை மாட்டி, கையில ஒரு பட்டனைக் கொடுத்தாங்க. சத்தம் கேட்டா அமுத்தணும். அவ்வளவுதான் பரீட்சை. முதல்ல நாலஞ்சு கேட்டுச்சு. அப்புறம் ரொம்ப நேரம் அமைதி. இப்ப ஒண்ணு வந்திருக்கும்னு தோணுச்சு, அமுத்தினேன். கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணு. சோதிக்கிற பொண்ணு வெளியிலேர்ந்து என்னைப் பார்த்துச்சு. அப்பத்தான் என் கட்டை விரல் பட்டன் மேல இருக்கிறதைப் பார்த்தேன். ஸ்விட்ச் மேல இருந்த அதே விரல். அங்கேயே அழுதுட்டேன். பட்டனை மடியில வெச்சுட்டேன். கேக்கலன்னா அமுத்தாம இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அந்த அறையிலதான் தெரிஞ்சுது.

ரெண்டு காதும் பாதிக்கு மேல போயிருச்சாம். மெஷின் வெச்சா சமாளிக்கலாம்னு டாக்டர் சொன்னார். வெளிய வந்து சுகுணாகிட்ட, உனக்கு எப்பலேர்ந்து தெரியும்னு கேட்டேன். போன பொங்கலுக்கு முன்னாடியேன்னா. ஏன் சொல்லலன்னு கேட்டேன். "சொன்னேன். உங்களுக்குக் கேக்கல"ன்னா. பஸ் ஸ்டாப்புல அத்தனை பேர் முன்னாடி ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அப்புறம் நான் சொன்னேன், கடையை மூடிரலாம், உன் விரலைப் பணயம் வெச்சு எனக்கு ஒரு தொழில் வேணாம்னு. விரல் நல்லா ஆயிரும், மூடுற பேச்சைப் பேசாதீங்கன்னா. ஆகலன்னா மூடிருவேன்னு கண்டிஷனாச் சொல்லிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

மெஷின் வந்தாச்சு. ரெண்டு காதுக்கும் ரெண்டு, சுண்டுவிரல் நகம் அளவு. உலகம் இவ்வளவு இரைச்சலாவா இருக்கு? மின்விசிறி கத்துது. பேப்பர் திருப்பினா தகரம் மடக்குற மாதிரி இருக்கு. நம்ம காலிங் பெல்லு காது கிழியுற மாதிரி அடிக்குது. நான்தான் மாத்தினேன், யாரைக் குறை சொல்ல.

ஆரோக்கியசாமிக்குப் போன் பண்ணி, தப்பு என்மேலதான், அந்த மோட்டார் ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்குன்னு சொன்னேன். தெரியும் அண்ணே, அன்னிக்கே உங்க வீட்டம்மா விஷயத்தைச் சொல்லிட்டாங்கன்னார். அவர் தம்பி வண்டியை நாளைக்கு அனுப்புறாராம். ரபீக் பாய்கிட்டயும் சொன்னேன். அவர் என் தோள்ல கையை வெச்சார்.

இப்ப காதையும் வெக்கிறேன், உள்ளங்கையையும் வெக்கிறேன். மோட்டார் ஓடினா கதவு லேசா அதிரும், கையில நல்லாவே தெரியுது. சுகுணா இதைத்தான் இத்தனை நாளா செஞ்சிருக்கா.

நவம்பர் 17, திங்கள்

சுகுணாவுக்குக் கட்டு பிரிச்சாச்சு. விரல் எப்படி இருக்குன்னு கேட்டா, நல்லா இருக்குங்கிறா. காட்டுன்னா, வேலை இருக்குன்னு போயிடறா. இட்லிக்கு மாவு எடுத்து ஊத்துறது எல்லாம் இடது கையிலதான். பழக்கமாயிருச்சாம்.

மெஷின் மாட்டினதுலேர்ந்து அவ பேச்சு குறைஞ்சுபோச்சு. அதைக் கேட்டா, இப்பதான் எல்லாம் கேக்குதே, எதுக்கு வளவளன்னு பேசணும்ங்கிறா.

நவம்பர் 20, வியாழன்

இன்னிக்கு மழை விட்டு விட்டுப் பெஞ்சுது. மத்தியானம் வண்டி எதுவும் இல்ல. தலையில ஈரம் படக் கூடாதுன்னு துண்டைக் காதோட சேர்த்துக் கட்டிக்கிட்டு, ஸ்டூல்ல உக்காந்து ஒரு பழைய ஸ்விட்சைப் பிரிச்சுக்கிட்டிருந்தேன். மெஷினோட டப்பா மேஜை மேல இருந்துச்சு. அது காலி, மெஷின் துண்டுக்குள்ள என் காதுல இருந்துச்சு. சுகுணாவுக்கு அது தெரியல. மழைக்குக் கழட்டி வெச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டா.

பின்னாடி உக்காந்து ஃபிளாஸ்க்லேர்ந்து டீ ஊத்தினா. டம்ளர் கீழ வெக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அவ பேச ஆரம்பிச்சா. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சு, என் முதுகைப் பார்த்துப் பேசினா. இத்தனை மாசமும் இப்படித்தான் பேசிக்கிட்டு இருந்திருப்பா போல, அவ்வளவு பழக்கமா வந்துச்சு.

"அம்பலவாணா, விரலு மடங்க மாட்டேங்குதுடா. உன்கிட்ட சொன்னா நீ கடையை மூடிருவ. மூடிட்டு வீட்டுல உக்காந்து நீ என்னத்த கேப்ப? அதான் சொல்லல. டீ ஆறுது பாரு, என் ராசா, திரும்பேன்டா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவ வாயால என் பேரைக் கேட்டதே இல்ல. ரேஷன் கடையில வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டாலும் கார்டைத்தான் நீட்டுவா. அவ வாயில என் பேரு அவ்வளவு நல்லா இருந்துச்சு. திரும்பாம அப்படியே இருந்தா இன்னும் கொஞ்சம் பேசுவா. நாளைக்கும் துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்தா நாளைக்கும் பேசுவா. கேக்காத மாதிரி இருக்கிறது எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல, இத்தனை நாளா கேட்ட மாதிரியே நடிச்சவன்தானே.

ஆனா அந்த விரல்.

துண்டை அவுத்துட்டுத் திரும்பினேன். "கேட்டுச்சு, சுகுணா"ன்னேன்.

அவ என் காதைப் பார்த்தா, மேஜை மேல இருந்த டப்பாவைப் பார்த்தா, நாக்கைக் கடிச்சுக்கிட்டு முந்தானையால முகத்தை மூடிக்கிட்டா. எதுவரைக்கும் கேட்டுச்சுன்னு உள்ளேர்ந்தே கேட்டா. எல்லாம்னேன். விரலை மறைச்சதுக்கு ஒரு வார்த்தை வருத்தப்படல, பேரைச் சொன்னதுக்குத்தான் அப்படி வெக்கப்பட்டா. நான் அவ கையைப் பிடிச்சு மடக்கிப் பார்த்தேன், நடுவிரல் பாதியிலேயே நின்னுருச்சு. நாளைக்குக் காலையில முதல் வேலையா டாக்டர்கிட்ட போறோம், அவர் என்ன பயிற்சி சொன்னாலும் தினம் நான் உக்காந்து செய்ய வெப்பேன், கடையை மூட மாட்டேன், இனிமே எதையும் என் முதுகுகிட்ட சொல்லாதேன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு சரின்னா.

"டீயைக் குடிங்க"ன்னு டம்ளரை நீட்டினா.

நான் வாங்கல. முன்ன மாதிரி பேரைச் சொல்லிச் சொல்லு, குடிக்கிறேன்னேன்.

சீ போங்கன்னா. நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ எழுந்திரிச்சு வாசலுக்குப் போய், ரோட்டுல யாராவது வர்றாங்களான்னு ரெண்டு பக்கமும் எட்டிப் பார்த்தா. அப்புறம் உள்ள வந்து, என் காதுகிட்ட குனிஞ்சு, சொன்னா.